நூல் தெரியாத காப்பர்-டி முதல் செவ்வாய்–வெள்ளி மாத்திரை வரை: திருப்பூர்த் தொழிலாளி ஒருவரின் கருத்தடைக் கோப்பு

இது தனியொரு பெண்ணின் கோப்பு அல்ல. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் திரும்பத் திரும்ப நடப்பவற்றைக் கோத்து அமைத்த மாதிரி நிகழ்வு. வயது, எடை, ரத்த அளவு போன்ற எண்கள் அந்த மாதிரிக்கு உரியவை. மருந்தளவும் கால வரம்புகளும் நடைமுறையில் உள்ளவை.

வயது 24. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. ஆர்டர் நெருக்கும் வாரங்களில் ஒன்றரை ஷிப்ட். முதல் பிரசவம் சிசேரியன். அடுத்த குழந்தைக்கு மூன்று வருட இடைவெளி வேண்டும் என்பது மட்டும் அவருக்கும் கணவருக்கும் தெளிவு. அந்த மூன்று வருடத்தில் காப்பர்-டி (கர்ப்பப்பைக்குள் வைக்கும் செம்புக் கருவி), அந்தரா (மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஹார்மோன் ஊசி), சாயா (ஹார்மோன் இல்லாத வார மாத்திரை) என மூன்று முறைகள் மாறின. மூன்றில் எதுவும் கருத்தடையாகத் தோற்கவில்லை. ஒரு நாளும் கரு தங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றிலும் அவரைப் பயத்தோடு மருத்துவமனைக்கு ஓட வைத்தது ஒன்றுதான்: ரத்தப்போக்கு கூடியது, அல்லது சிந்திக்கொண்டே இருந்தது, அல்லது நின்றுபோனது. மருத்துவப் பக்கத்தில் இவற்றைச் ‘சிறு பக்கவிளைவு’ என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். நாளுக்கு எத்தனை முறை கழிப்பறைக்கு எழுந்து போனாய் என்று சூப்பர்வைசர் கணக்குப் பார்க்கும் இடத்தில் அது சிறு விளைவு அல்ல.

கையெழுத்து வாங்கிய நேரம்

காப்பர்-டி சிசேரியனின்போதே வைக்கப்பட்டது. நஞ்சுக்கொடி வெளிவந்த பின், கர்ப்பப்பையைத் தைப்பதற்கு முன், அந்த வெட்டு வழியாகவே கருவியைக் கர்ப்பப்பையின் உச்சியில் வைப்பார்கள். தனியாக ஒரு வலி இல்லை, தனியாக ஒரு நாள் வர வேண்டியதில்லை. சுகப்பிரசவம் என்றால் நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள், தவறினால் 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம். அதற்கும் தாண்டிவிட்டால் ஆறு வாரம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் கர்ப்பப்பை சுருங்கிக்கொண்டிருப்பதால் கருவி வெளியே வந்துவிடும் வாய்ப்பும், கிருமி தொற்றும் வாய்ப்பும் அதிகம்.

முறையில் குறையில்லை. குறை சம்மதத்தில். கர்ப்ப காலப் பரிசோதனைகளில் ஏழெட்டு முறை வந்தவரிடம் ஒருமுறைகூடக் கருத்தடை பற்றிப் பேசப்படவில்லை. அறுவை அரங்குக்குக் கொண்டுபோகும் முன் நீட்டப்பட்ட தாள்களில் ஒன்றாக அதுவும் இருந்தது; கையெழுத்திட்டவர் கணவர். இடுப்பு வலியில் துடிப்பவரிடமோ, வாசலில் பதறி நிற்கும் கணவரிடமோ வாங்குவது சம்மதம் ஆகாது. பேச வேண்டியது ஐந்தாம் ஆறாம் மாதத்தில், சம்மதம் தர வேண்டியவர் அந்தப் பெண். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் கருவியின் பெயர் சுருக்கெழுத்தில் இருந்தது. அது தன் வயிற்றுக்குள் இருக்கிறது என்பதே அவருக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

ஆறாவது வாரம்: நூலைக் காணோம்

காப்பர்-டியின் அடியில் மெல்லிய நூல் இரண்டு இருக்கும். கருவி இடத்தில் இருக்கிறதா என்பதை அந்த நூலைப் பார்த்துத்தான் அறிவது. சிசேரியனில் வைக்கும்போது நூலைக் கர்ப்பப்பை வாய்க்கு வெளியே இழுத்துவிடுவதில்லை, கீழ்ப்பகுதியில் விட்டுவிடுவார்கள். கர்ப்பப்பை சுருங்கச் சுருங்க அது தானாக இறங்கும். சிலருக்கு ஆறு வாரத்தில், சிலருக்கு மாதங்கள் கழித்து, சிலருக்கு இறங்குவதே இல்லை. சிசேரியனுக்குப் பின் நூல் தெரியாதது அபாயக் குறி அல்ல, எதிர்பார்க்க வேண்டியது. இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் அடுத்த பத்து நாள் தூக்கம் கெட்டிருக்காது.

“ஏனுங்க சிஸ்டர், அது உள்ளயே மேல ஏறிப் போயிருமுங்களா? நெஞ்சுல போய் ஒட்டிக்குமுன்னு எங்க அத்தை சொல்றாங்க.”

நெஞ்சுக்குப் போகாது. கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குழிக்குள் போவது உண்டு; வழக்கமான முறையில் வைக்கும்போது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு. அதை மறைக்காமல் சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்போம் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் சரி. வழி இதுதான்: முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை, ஏனென்றால் கரு தங்கினாலும் நூல் மேலே இழுபடும். அடுத்து ஸ்கேன். கர்ப்பப்பைக்குள் கருவி தெரிந்தால் வேலை முடிந்தது. தெரியாவிட்டால் ‘விழுந்துவிட்டது போல’ என்று அனுப்பிவிடக் கூடாது. வயிறு முழுவதும் அடங்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கருவியின் பிளாஸ்டிக்கில் பேரியம் சல்பேட் கலந்திருப்பதே எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதற்காகத்தான். இவையெல்லாம் முடியும் வரை ஆணுறை.

இவருக்கு ஸ்கேனில் கருவி உச்சியில், சரியான இடத்தில் இருந்தது. இருந்தும் கோப்பில் ‘நூல் இல்லை’ என்று மட்டும் எழுதி முடித்திருந்தார்கள். அடுத்து பார்ப்பவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க இது போதும். ‘நூல் தெரியவில்லை, ஸ்கேனில் கருவி உள்ளே உள்ளது’ என்று தேதியோடு எழுதியிருக்க வேண்டும்.

நான்காம் மாதம்

மூன்றாம் மாத முடிவில் வேலைக்குத் திரும்பினார். பகலில் தாய்ப்பால் நின்றது, மாதவிலக்கு வந்தது. (தாய்ப்பாலே கருத்தடை என்று நம்புகிறவர்கள் கவனிக்க: குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிலக்கும் வராமல் இருக்கும் வரைதான் அது செல்லும். மூன்றில் ஒன்று போனாலும் பாதுகாப்பு போயிற்று.) முன்பு நான்கு நாளில் முடிந்த போக்கு இப்போது ஒன்பது நாள் நீண்டது, முதல் மூன்று நாள் இரண்டு மணிக்கு ஒரு நாப்கின்.

காப்பர்-டி 380ஏ கருவியின் செம்புப் பரப்பு 380 சதுர மில்லிமீட்டர். அந்தச் செம்பு விந்தணுவை முடக்குகிறது. ஆண்டுக்கு நூறு பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே கரு தங்கும். பத்து ஆண்டு நிற்கும். அதே செம்பு கர்ப்பப்பையின் உள்தோலில் லேசான அழற்சியையும் உண்டாக்குவதால் முதல் மூன்று முதல் ஆறு மாதம் போக்கும் வலியும் கூடும், பிறகு பெரும்பாலோருக்குக் குறையும். வழக்கத்தைவிட இருமடங்கு போனாலோ எட்டு நாளைத் தாண்டினாலோ அதை அதிகப் போக்கு என்று கொண்டு மருந்து தர வேண்டும்.

மெஃபனாமிக் அமிலம் 500 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு, போக்கு தொடங்கிய நாளிலிருந்து ஐந்து நாள் வரை. அது போதாவிட்டால் டிரானெக்சாமிக் அமிலம். ஆஸ்பிரின் கூடாது, போக்கைக் கூட்டும். வயிற்றுப்புண் உள்ளவருக்கு மெஃபனாமிக் ஆகாது. இவருக்கு அடுத்த மாதம் ஒன்பது நாள் ஏழானது. ஆனால் தொடங்கிய இடமே தாழ்வாக இருந்தது: பிரசவத்துக்குப் பின் ஹீமோகுளோபின் 9.2 கிராம், ஐந்தாம் மாதம் 8.6. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தார்; டீ இரும்பை உடம்பில் ஏற விடாது. நாளைக்கு இரண்டு மாத்திரையாக்கி, டீக்கும் மாத்திரைக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடச் சொல்லப்பட்டது.

ரத்தசோகை இருந்தாலே காப்பர்-டி கூடாது என்று விதி இல்லை, கவனத்தோடு தொடரலாம். ஆறு மாதம் பொறுத்தால் சரியாகும் என்று சொல்லி அனுப்ப எல்லாருக்கும் ஆசை இருந்தது. அவர் எடுக்கச் சொன்னார். எடுக்கச் சொல்லும் பெண்ணிடம் காரணம் கேட்கலாம், மருந்து சொல்லலாம், ‘அடுத்த மாதம் வா’ என்று மூன்று முறை திருப்பி அனுப்பக் கூடாது. அப்படி அனுப்பப்பட்டவர்கள்தான் பிறகு தெருவில் பத்துப் பேரிடம் ‘வெச்சா எடுக்க மாட்டாங்க’ என்கிறார்கள். அந்த வட்டாரத்தில் அப்புறம் யாரும் வைத்துக்கொள்ள முன்வருவதில்லை.

இடைவெளி விழாமல் மாற்றுவது

எடுப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. விந்தணு பெண்ணுடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். நேற்று உறவு கொண்டு இன்று கருவியை எடுத்தால், தடுத்துக்கொண்டிருந்த செம்பு போய்விடும், விந்தணு இருக்கும். அதனால் புதிய முறையைத் தொடங்கி ஏழு நாள் கழித்துப் பழையதை எடுப்பது பாதுகாப்பு.

எந்தப் புதிய முறை? நாள்தோறும் எடுக்கும், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாலா-என் மாத்திரை பற்றி அவரே கேட்டார். அவருடைய நாத்தனார் எடுக்கிறார். தாய்ப்பால் கொடுப்பவருக்கு ஆறு மாதத்துக்கு முன் அது பொருந்தாது. ஆறு மாதம் நிறைந்திருந்ததால் அந்தத் தடை இல்லை. ரத்த அழுத்தம் 110/70. ஆனால் ஒற்றைத் தலைவலி உண்டா என்று கேட்டபோது, வலி வருவதற்குமுன் கண்ணோரம் கோணல்மாணலாக வெளிச்சக் கோடு ஓடும் என்றார். அத்தோடு மாலா-என் கழிந்தது. அந்த வகைத் தலைவலி உள்ளவர் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எடுத்தால் பக்கவாத அபாயம் கூடும். மாத்திரை அட்டையை நீட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகளில் இது பெரும்பாலும் விட்டுப்போகிறது.

அந்தரா ஊசியைத் தேர்ந்தார். காரணம் மருத்துவக் காரணம் அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வீட்டில் மாத்திரை அட்டை கிடக்காது, மாமியாருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஊசி போட்ட ஏழாம் நாள் கருவி எடுக்கப்பட்டது. நூல் தெரியாததால் முதலில் சிறு பிரஷ் ஒன்றைக் கர்ப்பப்பை வாய்க்குள் விட்டுச் சுழற்றிப் பார்த்தார்கள். பலருக்கு அதிலேயே நூல் சிக்கி வந்துவிடும். இவருக்கு வரவில்லை. வாய்ப்பகுதி மரத்துப்போக லிக்னோகெயின் ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய நீள இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுக்கப்பட்டது. எடுத்ததை அவரிடம் காட்ட வேண்டும்: நடுத்தண்டு ஒன்று, கைகள் இரண்டு, முழுதாக. ‘பாதி உள்ளேயே இருக்கிறது’ என்ற சந்தேகம் அத்தோடு தீரும்.

அந்தரா: சிந்தலும் நிற்றலும்

மருந்து மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன், 150 மில்லிகிராம், ஒரு மில்லி. 2017 முதல் அரசுத் திட்டத்தில் இலவசம். மருந்து குப்பியின் அடியில் படிந்திருக்கும் என்பதால் நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். குலுக்காமல் ஏற்றினால் பாதி மருந்து குப்பியிலேயே தங்கும். கையின் மேற்புறத்திலோ இடுப்பிலோ தசைக்குள் ஆழமாகப் போட வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. மருந்து தசையில் தங்கி மெல்லக் கரைவதில்தான் மூன்று மாதப் பாதுகாப்பு இருக்கிறது; தேய்த்தால் வேகமாகக் கரைந்து காலம் குறையும். வலிக்கிறதே என்று வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் அனிச்சைச் செயல், ஆகவே இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதல் மூன்று மாதம் கறை போலச் சிந்திக்கொண்டிருந்தது. நான்கு நாள் இருக்கும், மூன்று நாள் விடும், மறுபடி வரும். அளவு குறைவு, ஆனால் கோயிலுக்குப் போகலாமா, சாமி அறைக்கு விளக்கேற்றலாமா என்பது நாள்தோறும் கேள்வியாயிற்று. அத்தைக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளத்தான் ஊசி. விளக்கேற்றாத நாட்களை அத்தை எண்ணத் தொடங்கியதில் அந்த ரகசியம் முதல் மாதமே போயிற்று. இந்தச் சிந்தலுக்கும் மெஃபனாமிக் அமிலம் 500 மில்லிகிராம் ஐந்து நாள் உதவும். போக்கு அதிகமானால், அல்லது நெடுநாள் நின்றிருந்து திடீரென வந்தால், கர்ப்பமோ வேறு நோயோ இல்லை என்று பார்த்த பிறகே மருந்து.

இரண்டாவது ஊசிக்குப் பின் நின்றுபோனது. இப்போது பயம் தலைகீழாயிற்று: “கெட்ட ரத்தம் உள்ளயே கட்டிக்கிச்சுங்களா?” ஊசியின் ஹார்மோன் கர்ப்பப்பை உள்தோலை வளரவிடாமல் மெலிதாக வைத்திருக்கிறது. வளராத தோல் உதிர்வதில்லை. தேங்குவதற்கு உள்ளே எதுவும் இல்லை. ஓராண்டு தொடர்ந்து போடுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி நின்றுவிடும். இவருக்கு இதில் லாபமும் இருந்தது. ஹீமோகுளோபின் ஓராண்டில் 11 கிராமைத் தொட்டது. இரும்பு மாத்திரை தனியாக இதைச் செய்திருக்காது.

மூன்றாவது ஊசிக்கு 13 வாரத்தில் வர வேண்டியவர் 16-ஆம் வாரத்தில் வந்தார். ‘தேதி போச்சு, மாதவிலக்கு வந்த பிறகு வா’ என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். இரு தவறுகள் இதில். குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்பும் நான்கு வாரம் பின்பும் ஊசி போடலாம், பரிசோதனை தேவையில்லை; 17 வாரம் வரை அவர் வரம்புக்குள்தான். அடுத்து, மாதவிலக்கே நின்றுபோனவரை மாதவிலக்கு வரட்டும் என்று காக்க வைத்தால், அது வருமுன்பே கரு தங்கக்கூடும். அட்டையில் ஒரே ஒரு தேதியை எழுதாமல் ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்று இரண்டையும் எழுதிக் கொடுப்பது இதைத் தடுக்கும் எளிய வழி.

எடை ஓராண்டில் இரண்டு கிலோ ஏறியது; இந்த ஊசியில் இது வழக்கம். எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைந்து, நிறுத்திய பின் திரும்பும்.

நான்காவது ஊசியோடு நிறுத்தியதற்குக் காரணம் பக்கவிளைவு அல்ல, காலண்டர். கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிப்பு திரும்பச் சராசரியாகப் பத்து மாதம் ஆகும். மலட்டுத்தன்மை வராது, தாமதம் வரும். அடுத்த குழந்தையை எப்போது எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டுப் பின்னோக்கி எண்ணித்தான் நிறுத்தும் நாளைத் தீர்மானிக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், ஊசியை நிறுத்தி ஆறு மாதமாகியும் உண்டாகவில்லை என்று குடும்பமே ஜோசியரிடம் போகும்.

சாயா: கிழமைக் கணக்கு

மீதிக் காலத்துக்குச் சாயா. உள்ளிருக்கும் மருந்து சென்ட்குரோமன், 30 மில்லிகிராம். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. ‘சஹேலி’ என்ற பெயரில் 1990-களின் தொடக்கத்திலிருந்து கடைகளில் இருக்கிறது. 2016-இல் அரசுத் திட்டத்துக்குள் வந்தது. இதில் ஈஸ்ட்ரோஜனும் இல்லை, புரோஜெஸ்டிரோனும் இல்லை, ஆகவே இவருடைய தலைவலி தடையாகவில்லை, தாய்ப்பாலுக்கும் கேடில்லை. சினைப்பை நீர்க்கட்டி, அண்மையில் மஞ்சள் காமாலை, காசநோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. வழக்கமாக மாதவிலக்கின் முதல் நாளில் தொடங்குவது; அந்தக் கிழமையும் அதிலிருந்து மூன்றாம் நாளும் மாத்திரைக் கிழமைகள். ஞாயிறு என்றால் புதன், திங்கள் என்றால் வியாழன். மூன்று மாதத்துக்குப் பின் முதல் கிழமை மட்டும். இவருக்கு மாதவிலக்கு நின்றிருந்ததால், ஊசியின் பாதுகாப்பு முடிவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கப்பட்டது.

தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். மாலா-என் எடுத்துப் பழகியவர்கள் ஒவ்வொரு மாதவிலக்குக்கும் புதிதாகத் தொடங்குவார்கள். சாயாவுக்கு மாதவிலக்கோடு தொடர்பில்லை, எப்போது வந்தாலும் கிழமை மாறாது. அட்டையில் எட்டு மாத்திரை. மூன்று அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினால் 24தான் வரும். 13 வாரத்துக்கு 26 வேண்டும். கடைசி வாரத்தில் அட்டை தீர்ந்ததும், ‘சரி, இனி வாரத்துக்கு ஒன்றுதானே’ என்று முன்கூட்டியே குறைத்துவிடுவார்கள். நான்கு அட்டையாகக் கொடுத்துவிட வேண்டும்.

இவர் தவறியது ஆடி நோம்பிக்கு ஊருக்குப் போனபோது. வாரம் ஒன்று என்ற கட்டத்தில் ஒரு ஞாயிறு விட்டுப்போய், நினைவு வந்தது ஒன்பது நாள் கழித்து, செவ்வாயன்று. ஏழு நாளுக்குள் என்றால், நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு பழைய கிழமையிலேயே தொடரலாம், அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறையும் சேர்த்து. ஏழு நாளைத் தாண்டினால் புதிதாகத் தொடங்குபவர் போலத்தான்: வாரம் இரண்டு, மூன்று மாதம். கர்ப்பப் பரிசோதனை அன்று ஒன்று, அன்றே கரு பிடிபடாது என்பதால் மூன்று வாரம் கழித்து மற்றொன்று. இரண்டும் இல்லை என்று வந்தது. புதிய கிழமைகள் செவ்வாய், வெள்ளி. தலைக்குக் குளிக்கும் நாட்கள் என்பதால் அதற்குப் பின் ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை. அலைபேசி அலாரத்தைவிட இது நன்றாக வேலை செய்தது.

இப்படிப்பட்ட இடைவெளியில் பாதுகாப்பில்லாத உறவு நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். தடை செய்யப்பட்ட மருந்து அல்ல. ஆனாலும் தமிழ்நாட்டுக் கடைகள் பலவற்றில் கேட்டால் ‘ஸ்டாக் இல்லை’ என்பார்கள்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்பது மேல். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்வதும் அவசரக் கருத்தடையே, மாத்திரையைவிடப் பலன் அதிகம்.

சாயாவில் மாதவிலக்கு தள்ளிப்போவது உண்டு. இவருக்கு ஒருமுறை 18 நாள் தள்ளியது. 15 நாளைத் தாண்டினால் பரிசோதித்துப் பார் என்று முன்பே சொல்லியிருந்ததால், தானே பார்த்துவிட்டு, ‘இல்லை’ என்று தெரிந்த பிறகு போனில் தகவல் மட்டும் சொன்னார். முதல் இரண்டு முறைகளில் ஓடிவந்தவர் அவரேதான். உடம்பு அதேதான், தள்ளிப்போனதும் சிறிய தாமதம் அல்ல. முன்பே சொல்லப்பட்டது என்பது மட்டுமே வேறுபாடு.

இரண்டாவது குழந்தைக்குப் பின்

இரண்டாவது குழந்தைக்குப் பின் எந்த முறை என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒரே பதில்தான் தயாராக இருக்கும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் மணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷனைச் சார்ந்திருப்பவர்கள் 0.1 சதவீதம். ஏற்கெனவே ஒரு சிசேரியன் ஆனவருக்கு, அடுத்ததும் சிசேரியன் என்றால், கையோடு செய்துவிடலாம் என்பது வசதியான யோசனை. அவர் கேட்டது வேறு: “அவுங்களுக்குப் பண்ண முடியாதுங்களா?”

முடியும். தழும்பில்லா வாசக்டமி (விந்தணு வரும் குழாயை அடைக்கும் ஆண் ஆபரேஷன்) மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வது, கால் மணி நேர வேலை, தையல் தேவையில்லை, அன்றே வீடு திரும்பலாம். ஆணின் உறவுத் திறனிலோ பலத்திலோ மாற்றம் இல்லை; விந்துநீர் வழக்கம்போல வரும், அதில் அணு மட்டும் இருக்காது. உடனே பலன் தராது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: குழாயில் மிச்சமிருக்கும் அணுக்கள் தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறையோ மனைவியின் முறையோ தொடர வேண்டும். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று எழுத்தில் வந்த பிறகே நிறுத்தலாம். அந்தப் பரிசோதனைக்கு வராதவர்களின் வீட்டில் கரு தங்கும்போது, பழி மனைவியின் மேல் விழுகிறது. ஆபரேஷன் தேதியைக் குறிக்கும் சீட்டிலேயே பரிசோதனைத் தேதியையும் எழுதிவிட வேண்டும்.

கணவர் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போனார். வெயிட் தூக்கும் வேலைக்கு எத்தனை நாள் லீவு போட வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. முடிவு சொல்லவில்லை. மனைவி அதுவரை செவ்வாய்–வெள்ளி கணக்கில் மூன்று மாதம் முடித்து, வாரம் ஒன்றாக, செவ்வாய் மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.